கும்பகோணத்துல ரெண்டு நாள் "கற்பனைதான் கடவுள்" வகுப்பு, 4,500 ரூபாய்க்கு போலாமா வேணாமா

மொதல்லயே ஸ்டார் சொல்லிடுறேன், அப்புறம் கதை. அஞ்சுக்கு மூணு. அதுல ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு கண்ண மூடி படுக்க வச்சு பண்ண ஒரே ஒரு பயிற்சிக்கு, இன்னொண்ணு எனக்குப் பக்கத்து வரிசைல உக்காந்திருந்த திருவிடைமருதூர் பக்கத்து விவசாயி ஒருத்தருக்கு. அவருக்கும் வகுப்பு நடத்துனவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவரும் என்ன மாதிரி காச கட்டிட்டு வந்தவருதான்.

வகுப்போட பேரு, நடத்துனவரு பேரு எதுவும் போடல. இந்த மாதிரி வகுப்பு இப்ப தஞ்சாவூர், மாயவரம், திருச்சின்னு எல்லா ஊர்லயும் மாசத்துக்கு ஒண்ணு நடக்குது, பேரு வேற வேற, உள்ள சரக்கு ஒண்ணுதான், அதனால நான் எழுதுறது எதுக்குப் போறவங்களுக்கும் உதவும்னு நெனைக்கிறேன்.

நான் கும்பகோணத்துல வீட்டு முன் ரூம்ல தையல் கடை வச்சிருக்கேன். 16 வருஷம் ஆச்சு. ரெண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், கட்டிங் எல்லாம் நானே, ஆரி ஒர்க் மட்டும் வெளில குடுத்து வாங்குறேன். ஆறு வருஷமா ஒரே ஆசை, ரோட்டு மேல ஷட்டர் போட்ட ஒரு சின்னக் கடை. அது இன்னிக்கு வரைக்கும் அமையல. அப்படி இருக்கும்போது வழக்கமா வர்ற கஸ்டமர் அக்கா ஒருத்தவங்க பிளவுஸ் வாங்க வந்தப்ப ஒரு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாங்க, உங்களுக்குள்ள இருக்கிற கற்பனைதான் படைக்கிற கடவுள், நீங்க உள்ள எதை நடந்து முடிஞ்சதா பாக்குறீங்களோ அது வெளில நடந்தே தீரும், ரெண்டே நாள்ல கத்துக்கலாம்னு. எண்ணம் போல் வாழ்வுன்னு எங்க அப்பத்தா காசு வாங்காம சொன்னதுதான். ஆனா அப்பத்தா எப்படின்னு சொல்லல, இவங்க எப்படின்னு சொல்றேங்குறாங்க. லைனிங் பிளவுஸ் ஒண்ணுக்கு 350 வாங்குறேன், 4,500ன்னா கிட்டத்தட்ட 13 பிளவுஸ். வீட்டுக்காரர்ட்ட 1,500ன்னு சொல்லிட்டு கட்டிட்டேன். அவரு இத படிக்க மாட்டாரு.

எடம் ஒரு கல்யாண மண்டபம். சனி ஞாயிறு, காலைல ஒம்போதரைக்கு ஆரம்பம்னு போட்டிருந்தாங்க, பத்தே முக்காலுக்குத்தான் மைக்கே வேல செஞ்சுச்சு. ஏசி மொத நாள் ஓடுச்சு, ரெண்டாவது நாள் ஃபேன்தான், வைகாசி வெயில்ல நூறு பேரு ஒரு ஹால்ல. காபி பத்தி சொல்லியே ஆகணும், கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு மெஷின் காபிய பேப்பர் கப்புல குடுத்தாங்க, எதுக்க தெருவுல பித்தளை டபரால டிகிரி காபி ஆத்திக்கிட்டு இருக்காங்க. இத ஒரு குத்தமா எழுதுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழம காலை டிபன் இட்லியும் கடப்பாவும், உண்மையிலயே நல்ல கடப்பா, பாசிப்பருப்பு கரையாம அந்த சோம்பு வாசனையோட, சமையல்காரரு உள்ளூர்க்காரரா இருக்கணும். மத்தியானம் வத்தக்கொழம்பும் அப்படித்தான். அந்த ஒரு ஸ்டார் அவருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். மொத நாள் பூரா ஒரு ஆளப் பத்தித்தான், நெவில் கோடார்ட்னு ஒருத்தரு. நடத்துனவரு அவர ஒரு விஞ்ஞானி ரேஞ்சுக்கு பேசுனாரு, வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அவரு நாடகம், டான்ஸ்னு இருந்தவரு. 1905ல பார்படோஸ் தீவுல பொறந்து, 17 வயசுல நாடகம் படிக்க நியூயார்க் போயி, அப்புறம் மேடைல சொற்பொழிவு பண்ண ஆரம்பிச்சு, 1972ல எறந்து போற வரைக்கும் அதையேதான் பண்ணியிருக்காரு. அவரு சொன்னது சுருக்கமா இதான்: கடவுள்னு வெளில தனியா ஒருத்தர் உக்காந்து உனக்கு எழுதல, மனுஷனோட கற்பனைதான் கடவுள், பைபிள்ல வர்ற ஆளுங்க எல்லாம் சரித்திரம் இல்ல, மனசோட நிலைங்க, நீ ஆசப்பட்டது நடந்து முடிஞ்சிட்டா எப்படி இருப்பியோ அந்த உணர்ச்சியோட தூங்கப் போ, மிச்சத்த அது பாத்துக்கும். டான்ஸர் சொன்னா உண்மையா இருக்கக் கூடாதுன்னு இல்ல, ஆனா விஞ்ஞானின்னு சொல்லி விக்காதீங்க, அதுதான் எனக்குக் கடுப்பு.

அவரே சொல்லிக்கிட்ட கதை ஒண்ணு இருக்கு, அது ரொம்ப சுவாரஸ்யம். 1933ல நியூயார்க்ல கைல காசு இல்லாம இருக்காரு, ஊருக்குப் போகணும்னு ஆச. அவரோட குரு அப்துல்லான்னு ஒரு எத்தியோப்பிய யூதரு, அவருகிட்ட போயி சொன்னா, "நீ பார்படோஸ்லதான் இருக்க"ங்குறாராம். அதுக்கு மேல பேச்சே கிடையாது, எப்படிப் போவேன்னு கேட்டா கதவ சாத்திடுவாராம். இவரும் தெனம் ராத்திரி அம்மா வீட்டுல படுத்திருக்கிற மாதிரியே நெனச்சு தூங்கியிருக்காரு, கொஞ்ச நாள்ல அண்ணங்கிட்டேர்ந்து கப்பல் டிக்கெட்டுக்கு வழி பண்ணி லெட்டர் வந்துச்சுங்குறாரு. ஹால்ல எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மட்டும் அந்த அண்ணன் நெனப்புதான் வந்துச்சு. வெளிநாட்டுல இருக்கிற தம்பிக்கு டிக்கெட் போட்டுக் குடுக்குற அண்ணன் ஒருத்தன் இருந்தா பாதி கற்பனை நம்ம ஊர்லயும் பலிக்கும்.

சனிக்கிழம ராத்திரிக்கு ஹோம்வொர்க் குடுத்தாங்க, ஏணில ஏறுற மாதிரி நெனச்சுக்கிட்டே தூங்கணுமாம், கை கம்பியப் புடிக்கிறது, கால் படில அழுந்துறது எல்லாம் உணரணுமாம், ஆனா பகல்ல "நான் ஏணில ஏற மாட்டேன்"னு ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கணுமாம். இதுவும் அந்த நெவில் குடுத்த சோதனைதான். ஞாயித்துக்கிழம காலைல கேட்டாங்க, யாராவது ஏணில ஏறுனீங்களான்னு. நான் கைய தூக்குனேன். நடத்துனவருக்கு ஏக குஷி, மைக்க என்கிட்ட குடுத்து எல்லாருக்கும் சொல்லுங்கம்மான்னாரு. எங்க மாமியார் பரண்லேர்ந்து அண்டா எடுக்கச் சொன்னாங்க, ஏறுனேன், ஆனா எங்க வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவ ஏறுவேங்கன்னு சொன்னேன். மைக்க திருப்பி வாங்கிட்டாரு.

சரி, அந்த நல்ல பயிற்சிய சொல்லிடுறேன், இதுக்காகத்தான் அந்த ரெண்டாவது ஸ்டார். ஹால்ல ஜமக்காளம் விரிச்சு எல்லாரையும் படுக்க வச்சாங்க. தூக்கம் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி ஒரு மயக்கம் மாதிரி இருக்கும் பாருங்க, ஒடம்பு கனமாயி பேச்சு சத்தம் தூரமா கேக்கும், அந்த நெலைக்கு கொண்டு வந்துட்டு, ஒரே ஒரு சின்ன காட்சி, சினிமா மாதிரி வெளிலேர்ந்து பாக்கக் கூடாது, நீங்களே உள்ள நிக்கணும், கைல என்ன படுது, காதுல என்ன கேக்குது, மூக்குல என்ன வாசனை, அத திரும்பத் திரும்ப. நான் ஷட்டர் தூக்குறத எடுத்துக்கிட்டேன். குனிஞ்சு பூட்ட தொறக்குறேன், இரும்பு காலைலயே சுடுது, தூக்குனா கடகடன்னு சத்தம், உள்ள புதுத் துணியோட கஞ்சி வாசனை. நாலஞ்சு தடவ ஓட்டுனதும் எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஏன்னு தெரியல. ஆறு வருஷமா கடை வேணும் கடை வேணும்னு பொலம்பியிருக்கேன், ஒரு நாள் கூட உள்ள போயி நின்னு பாத்ததில்ல போல. இது ஒண்ணுக்கு அந்த வகுப்புக்கு நன்றி சொல்லணும், அத நான் மறைக்க மாட்டேன்.

அடுத்தாப்ல காட்சிக்குள்ள உங்களுக்கு வேண்டப்பட்ட ஒருத்தர் வந்து கை குலுக்கி வாழ்த்தணும்னாங்க. எங்க வீட்டுல யாரு யாருக்கு கை குலுக்குறா. சரின்னு மாமியார கூட்டிட்டு வந்தேன், கற்பனைல கூட அவங்க "வாடகை எவ்வளவுடி"ன்னுதான் கேட்டாங்க. வாழ்த்த வைக்க முடியல, மூணு தடவ முயற்சி பண்ணேன்.

தகராறு ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான். எப்படி நடக்கும்னு யோசிக்கவே கூடாது, முடிவ மட்டும் பாருங்க, நடுவுல இருக்கிற வழிய யோசிச்சா அது சந்தேகம், சந்தேகம் வந்தா கற்பனை செத்துடும்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க. இத என்னால ஏத்துக்கவே முடியல, ஏன்னா என் தொழிலே அதுக்கு நேர் எதிர். திருபுவனம் பட்டு ஒண்ணு வருதுன்னு வைங்க, சேலையோட சேந்த பிளவுஸ் பிட்டு, அதுக்கு மாத்துத் துணி ஒலகத்துல கிடையாது, கத்திரிய ஒரு தடவ தப்பா ஓட்டுனா போச்சு. அன்னிக்கு நான் துணிய மேசைல விரிச்சு, சாக்பீஸ கைல எடுக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா நிப்பேன். பாக்குறவங்களுக்கு நான் வேல செய்யாம நிக்கிற மாதிரி தெரியும். உள்ள நான் மொத்த பிளவுஸையும் தச்சுக்கிட்டு இருப்பேன், பார்டர் கைக்கு வருமா முதுகுக்கு வருமா, கைக்கு வச்சா முன்பக்கம் ஜரிகை எங்க முடியும், டாட் எங்க புடிச்சா அந்த மயில் பாதியா வெட்டுப்படாம நிக்கும், கக்கத்துக்கிட்ட அரை இஞ்சு விட்டா போதுமா, இந்தம்மா கைய தூக்குனா இழுக்குமே, கொக்கி பட்டி வலது பக்கமா இடது பக்கமான்னு ஒவ்வொரு தையலா ஓட்டிப் பாத்து, எங்கயாவது இடிச்சா பிரிச்சு திரும்பத் தச்சு, அப்புறம்தான் சாக்பீஸு. இதுவும் கற்பனைதானே. எனக்குத் தெரிஞ்ச கற்பனையே இதுதான். பிளவுஸ் போட்டுக்கிட்டு அந்தம்மா கல்யாணத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறத மட்டும் பாத்துட்டு கத்திரிய எடுத்தா என்ன ஆகும்னு எந்த டெய்லரயும் கேளுங்க.

இதுக்கு நடுவுல வகுப்பு நடத்துனவரே பூசலார் நாயனார் கதைய எடுத்தாரு. கதை எல்லாருக்கும் தெரியும், திருநின்றவூர்ல ஒரு ஏழை பக்தர், சிவனுக்கு கோயில் கட்ட காசு தேடி அலைஞ்சு கிடைக்கல, மனசுக்குள்ளயே கட்டுறாரு. அதே நாள்ல காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா கல்லுக்கோயில் கட்டி கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்க, சிவன் ராஜா கனவுல வந்து நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போறேன், நீ வேற நாள் பாத்துக்கன்னு சொல்லிடுறாரு. ராஜா திருநின்றவூருக்கே வந்து கோயில் எங்கன்னு கேட்டா, ஊர்ல யாருக்கும் தெரியல. பாத்தீங்களா, கற்பனைக்கு கடவுளே வந்தாரு, அப்ப உங்க காரு, உங்க வீடு வராதான்னு முடிச்சாரு. மறுபடி கைதட்டல்.

நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்த கதைய இவரு எப்படி இப்படித் திருப்புனாருன்னு எனக்கு ஆச்சரியம். பூசலார் கோபுரத்த மட்டும் கண்ண மூடிப் பாத்துட்டு தூங்கப் போகல. அவரு மனசுக்குள்ளயே பொருள் சேத்தாரு, தச்சருங்கள சேத்தாரு, நல்ல நாள் பாத்து அடிக்கல் வச்சாரு, ராத்திரி தூங்காம கட்டுனாரு, வரிச வரிசயா ஏத்தி சிகரம் வச்சு, சுதை வேலை பண்ணி, கெணறு தோண்டி, மதில் எழுப்பி, குளம் வெட்டி, அதுக்கு எத்தனையோ நாளு. கல்லுக்கோயிலு கட்டி முடிக்கிற வரைக்கும் இவரு மனக்கோயிலும் முடியல, அதனாலதான ரெண்டுக்கும் ஒரே நாள் வந்துச்சு. எப்படிங்குறத யோசிக்காம இருந்தவரா அவரு. அது மட்டும் இல்ல, அவரு அந்த மனக்கோயில் வெளில கல்லா வரணும்னு கேக்கவே இல்ல. அங்க இப்ப இருதயாலீசுவரர்னு கோயில் இருக்கு, அது அப்புறம் மத்தவங்க கட்டுனது. கார் வேணும்னு கேக்குறவங்களுக்கு இந்தக் கதைய உதாரணமா சொல்றது அந்த மனுஷனுக்குப் பண்ற அவமரியாதன்னு எனக்குப் பட்டுச்சு. கேள்வி நேரத்துல கேக்கலாம்னு எழுதி வச்சிருந்தேன், என் முறை வரும்போது வேற ஒண்ணு கேட்டுட்டேன், அது கீழ வரும்.

ராமானுஜன் பேரும் எடுத்தாங்க, கும்பகோணத்துல எடுக்காம இருப்பாங்களா. நாமகிரித் தாயார் கனவுல வந்து கணக்கு சொன்னாங்க, பாத்தீங்களான்னு. சாரங்கபாணி சன்னதி தெருவுல அந்த வீட்டுத் திண்ணைல அவரு சிலேட்டுல எழுதி எழுதி முழங்கையால அழிச்சத இவங்க சொல்லல. அவ்வளவுதான் அத பத்தி.

இப்ப அந்த விவசாயி. நல்ல அறுபது வயசு இருக்கும், வெள்ள வேட்டி, மொத நாள் முழுக்க வாயத் தொறக்கல. ஞாயித்துக்கிழம மத்தியானம் எந்திரிச்சு, "அய்யா, ஜூன் 12 வருது, மேட்டூர் அணை தொறக்குற நாளு, குறுவைக்கு நாத்து விடலாமா வேணாமான்னு தெரியல, மேட்டூர்ல 120 அடி தண்ணி நிக்கிற மாதிரி நான் கற்பனை பண்ணா நெறைஞ்சிடுமா"ன்னு கேட்டாரு. நிச்சயமா, முழு நம்பிக்கையோட பண்ணுங்கன்னாரு இவரு. "சரிங்கய்யா, நான் பண்றேன். அந்தப் பக்கம் கர்நாடகாவுல ஒரு விவசாயி கேஆர்எஸ் அணை 124 அடில அப்படியே நிக்கிற மாதிரி கற்பனை பண்ணுவான்ல, அப்ப ரெண்டு பேரு கற்பனைல யாரு கடவுளு"ன்னாரு. ஹாலே சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. பதில் வரல. ஸ்டார் அவருக்குத்தான்.

அந்த சிரிப்பு அடங்குனதும் என் முறை. நான் பூசலார கேக்கத்தான் எந்திரிச்சேன், ஆனா வாய்ல வந்தது கஜா புயல். எங்க பொறந்த வீடு பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16, விடிகாலைல புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்துச்சு, எங்க அப்பாவோட ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்புல 140 மரம், விடிஞ்சு போயிப் பாத்தா நின்னது ஒம்போது. மிச்சம் எல்லாம் வேரோட, ஒரே பக்கமா தல சாஞ்சு, ஆளுங்க படுத்துக் கெடக்குற மாதிரி. நான் கேட்டது இதுதான், உள்ள நெனச்சதுதான் வெளில நடக்குதுன்னா எங்க அப்பா எதை நெனச்சாருங்கய்யா, பட்டுக்கோட்டைலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் அத்தன பேரும் ஒரே ராத்திரில எதை நெனச்சாங்க. அதுக்கு அவரு, கூட்டு மனசுல இருந்த பயம் புயலா வெளிப்பட்டிருக்கலாம்மான்னாரு. சத்தியமா அப்படித்தான் சொன்னாரு. எனக்கு அதுக்கு மேல நிக்கத் தோணல, உக்காந்துட்டேன், பக்கத்துல இருந்த பொண்ணு தண்ணி பாட்டில் குடுத்துச்சு. இந்த ஒரு பதிலுக்கு நான் ரெண்டு ஸ்டார கொறச்சேன். நல்லது நடந்தா உன் கற்பனை, கெட்டது நடந்தா அதுவும் உன் கற்பனைன்னு சொல்ற எதையும் புள்ளைய பறிகொடுத்தவங்க, பயிர பறிகொடுத்தவங்க இருக்கிற ஹால்ல மைக் வச்சு சொல்லக் கூடாது. நோயாளிங்களும் வந்திருந்தாங்க, அவங்க முகத்த நான் பாத்தேன்.

எங்க அப்பா என்ன பண்ணாருன்னு இவங்களுக்குத் தெரியாது. மரத்த எல்லாம் அறுத்து அப்புறப்படுத்தவே மாசக்கணக்கா ஆச்சு, அப்புறம் மொட்டையா கெடந்த அந்த எடத்துல ஒரு சாயங்காலம் தனியா நடந்துக்கிட்டு இருந்தாரு, நான் காபி எடுத்துட்டுப் போனேன். 25 அடிக்கு ஒரு குச்சி நட்டுக்கிட்டு வர்றாரு, கயிறு கூட கைல இல்ல, காலடிதான் அளவு. ஒரு எடத்துல நின்னு, "இங்க வாய்க்கா ஓரம், இதுக்கு வேரு அந்தப் பக்கம் போவும், இது ஒண்ணு சீக்கிரம் பாளை விடும்"னாரு. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் மண்ணு. நெட்டை ரகம் காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆவும், அவருக்கு அப்பவே 68. அவரு யாருக்கும் 4,500 கட்டல.

வகுப்பு முடிஞ்ச அடுத்த வாரம் சுவாமிமலைக்கு ஒரு கஸ்டமர் வீட்டுக்கு பிளவுஸ் குடுக்கப் போனேன். அந்த வீட்டுக்காரரு பட்டறைல மெழுகு வேலை பாக்குறவரு. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடல எண்ணெய் கலந்து காய்ச்சி வச்சிருப்பாங்க, அதுல நடராஜர் கை ஒண்ண உருட்டிக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல ஒரு தென்னை ஓலை, சிலையோட ஒசரத்துக்கு நறுக்கி, அளவுக்கு அளவு மடிச்சு வச்சது, அதான் அவரோட டேப்பு. முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவுன்னு அந்த மடிப்ப வச்சுத்தான் பாக்குறாரு. நான் வகுப்புக்குப் போன கதைய சொன்னேன். முடிவ மட்டும் பாத்தா போதுமாம் அண்ணேன்னேன். அவரு சிரிக்கல, மெழுகு விரல ஒண்ணு ஒண்ணா சூடு பண்ண கத்தியால ஒதுக்கிக்கிட்டே, "தங்கச்சி, தியான சுலோகத்துல சாமி எப்படி இருக்காருன்னு வந்துடும், அது எல்லாருக்கும் வரும். நான் ஓலைய மடிக்கும்போதுதான் அவரு எங்கிட்ட வர்றாரு"ன்னாரு. அப்புறம் இந்த மெழுகு மேல காவேரி வண்டல அரைச்சு பூசி, நெழல்ல காய வச்சு, மறுபடி பூசி, கம்பி கட்டி, வரட்டி போட்டு சூடு காட்டி மெழுக உருக்கி வெளில விட்டுட்டு அந்த ஓட்டைல பஞ்சலோகத்த ஊத்துவாங்க, அச்ச ஒடச்சாத்தான் சிலை, ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். நடுவுல எங்க காத்து அடைச்சாலும் விரல் ஒண்ணு வராதாம், மறுபடி மெழுகுலேர்ந்து ஆரம்பம். எத்தன தடவ அப்படி ஆயிருக்குன்னு கேட்டேன், "எண்ணல"ன்னாரு.

எங்க அக்கா பொண்ணு திருச்சில சைக்காலஜி படிக்கிறா, அவகிட்ட ஃபோன்ல கொட்டித் தீத்தேன். "சித்தி, நீங்க சொல்றத அவங்க ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க"ன்னா. 1999ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல பரீட்சைக்கு முன்னாடி பசங்கள பிரிச்சு, சில பேர நல்ல மார்க் வாங்கி சந்தோஷமா நிக்கிற மாதிரி தெனம் அஞ்சு நிமிஷம் நெனைக்கச் சொல்லி, சில பேர எங்க உக்காருவேன், எந்தப் பாடத்த எப்ப படிப்பேன்னு படிக்கிறதையே நெனைக்கச் சொன்னாங்களாம். படிக்கிறத நெனச்சவங்கதான் சீக்கிரம் படிக்க ஆரம்பிச்சு மார்க்கும் அதிகம் வாங்குனாங்களாம். ஜெர்மன்காரங்க ஒருத்தவங்க, கேப்ரியேல் ஓட்டிங்கன்னு பேரு, அவங்க படிச்சு முடிச்ச பசங்கள ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தப்போ, நல்ல வேல கிடைச்ச மாதிரி அதிகமா கனவு கண்டவங்களுக்கு வேலையும் கம்மி, சம்பளமும் கம்மியாம். அதுக்காக ஆசப்படாதீங்கன்னு அவங்க சொல்லலையாம், ஆசையையும் பாரு, அத மறிக்கிற தடையையும் பக்கத்துலயே வச்சுப் பாரு, தடை வந்தா என்ன பண்ணுவேன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்குறாங்களாம். முன்பக்கம் மயிலு வெட்டுப்படுமேன்னு நான் பாக்குறது அதுதானடின்னேன். "அதேதான் சித்தி, உங்களுக்கு யாராவது 4,500 குடுக்கணும்"ன்னா.

இப்ப எனக்கு அந்த படுத்துக்கிட்டு பண்ற பயிற்சி மட்டும் மிச்சம், அத விடல. ஆனா மாத்திக்கிட்டேன். ராத்திரி படுத்துக்கிட்டு, ஷட்டர் தூக்குற காட்சிக்கு முன்னாடி நடக்க வேண்டிய காட்சிங்கள ஓட்டுறேன். பாலக்கரைப் பக்கம் ஒரு கடை காலியா கெடக்கு, அதோட ஓனர் வீட்டு கேட்டுல நான் நிக்கிறேன், காலிங் பெல்லு அடிக்கிறேன், அவரு அட்வான்ஸ் ஒன்ற லட்சம்ங்குறாரு, என் வாய் அடைச்சுப் போகுது, அப்ப நான் என்ன சொல்றேன். மொத நாலு நாள் கற்பனைல கூட "சரிங்க சார்"னு சொல்லிட்டு திரும்பி வந்துட்டேன். அஞ்சாவது நாள் எண்பதாயிரம்னு வாய் வந்துச்சு. பத்து நாள் கழிச்சு நெசமாவே போனேன், அவரு ஒன்ற லட்சம் கேக்கல, ரெண்டு கேட்டாரு. ஆனா நான் வாய் அடைச்சு நிக்கல, பாதி கடை, ஃபேன்சி ஸ்டோரோட சேத்து, தொண்ணூறுன்னு பேச்சு நிக்குது. கடை இன்னும் வரல. வரலன்னா வேற கேட்டு, வேற காலிங் பெல்லு.

போறவங்களுக்கு உருப்படியா சில விஷயம். விஷன் போர்டு கிட்னு ஒண்ணு 350க்கு விப்பாங்க, அது ஒரு சார்ட் அட்டையும் கொஞ்சம் ஸ்டிக்கரும், பக்கத்து ஸ்டேஷனரி கடைல 40 ரூபாய்க்கு கிடைக்கும். ரெண்டாவது நாள் கடைசி ஒரு மணி நேரம் பூரா அடுத்த லெவல் 18,000த்துக்கு ஆள் சேக்குறதுதான், லைட்ட கொறச்சு பாட்டு போட்டுட்டு ஃபாரம் நீட்டுவாங்க, அழுது முடிச்ச கையோட கையெழுத்து போடாதீங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு எந்திரிச்சிடுங்க. ரசீது கேட்டு வாங்குங்க, நான் மூணு தடவ கேட்டேன். ஒடம்புக்கு முடியாதவங்க, மாத்திரைய நிறுத்தச் சொன்னா அங்கேயே எந்திரிச்சுப் போயிடுங்க, எங்க ஹால்ல அப்படி நேரா சொல்லல, ஆனா சொல்லாம சொன்ன மாதிரி இருந்துச்சு. கைக்கொழந்தையோட போவாதீங்க, தனி ரூம் இருக்குன்னு போட்டிருந்தாங்க, அது பாத்திரம் வைக்கிற ரூம். காபி வெளில போயி குடிங்க.

சொந்தத் தொழில் எதுவும் கைல எடுக்காம, என்ன வேணும்னே தெரியாம இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு காட்சிப் பயிற்சி நெசமா பிரயோஜனப்படும், அத வீட்டுலயே பண்ணலாம், நான் மேல எழுதுனதே போதும். அதுக்கு மேல இருக்கிறதுக்கு காசு தண்டம்.

நேத்து வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு, அடுத்த பேட்ச் ஆவணில, பழைய ஆளுங்களுக்கு பாதி விலைன்னு. ஆவணி பொறந்தா முகூர்த்தம், இப்பவே 22 பிளவுஸ் சொல்லி வச்சிருக்காங்க, அதுல ஏழு திருபுவனம் பட்டு. வர முடியாதுன்னு போட்டுட்டேன். ஆடிலன்னா கூட யோசிச்சிருப்பேன், அந்த கடப்பாவுக்காக.